பெட்டியைக் கேட்ட மகனுக்கு

ஏலே, பெட்டியைக் கேட்டியாம், பொண்டாட்டியைக் கேக்கலையாம். இன்னைக்குக் காலையில நம்ம தெருமுனைப் பலசரக்குக் கடை பாய், வியாபாரத்தை அப்படியே போட்டுட்டு வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. "அக்கா, சீவில்லிபுத்தூர்லருந்து உங்க மகன் கடை போனுக்குப் பேசினாரு. மருமக உங்க வீட்டுலதான் இருக்காங்களான்னு கேட்டாரு. ஆமான்னேன். அப்ப சரின்னாரு. பொறவு, அப்பா செஞ்ச சோத்துப் பெட்டியை யார் கையிலயாவது கொடுத்து விடச் சொன்னாரு. அவருகிட்ட இருக்கிறது வாடை அடிக்குதாம்." இதைச் சொல்லிட்டு அந்த மனுசன் சிரிக்கவும் முடியாம, சிரிக்காம இருக்கவும் முடியாம, தாடியைத் தடவிக்கிட்டே போனாரு. எனக்கு முகத்தை எங்க கொண்டு போய் வைக்கன்னு தெரியலை. உள்ள இருந்த கலா காதுலயும் விழுந்திருச்சு. உருவிக்கிட்டிருந்த முருங்கைக்கீரையை அப்படியே முறத்துல போட்டுட்டு எந்திரிச்சுப் பின்பக்கம் போயிட்டா.

நேர்ல வந்து உன்னை நாலு கேள்வி கேக்கணும்னுதான் சேலையை மாத்தினேன். உங்கப்பாதான் தடுத்தாவ. "ஏட்டி, நீ போனா சத்தம்தான் வரும். அவன் ஒண்ணுக்கு ரெண்டா பதில் சொல்லுவான், நீ அழுதுக்கிட்டு பஸ் ஏறி வருவே. எழுதிக் கொடு, நான் கொண்டு போறேன்"ன்னாவ. அதுவும் சரிதான். நீ பேச ஆரம்பிச்சா பூமியே நாளைக்கு அழியப் போற மாதிரியும், நீ ஒருத்தன்தான் நின்னு தாங்கிப் பிடிக்கிற மாதிரியும் பேசுவே. அதுல எனக்குச் சொல்ல வந்தது மறந்து போகும். எழுதினா நீ குறுக்க பேச முடியாதில்லா? பழைய மாசக் காலண்டரைக் கிழிச்சு அதோட பின்பக்கத்துலதான் எழுதுதேன். புதுத் தாளை வீணாக்கிட்டேன்னு அதுக்கு ஒரு பாட்டம் எனக்குப் பாடம் எடுத்துறாத.

கலா நேத்து சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரா பஸ் ஏறி வந்துட்டா. தோள்ல ஒரு பை, அதுக்குள்ள மாத்துச் சேலை, திருத்த வேண்டிய பிள்ளைகளோட கட்டுரை நோட்டு. வாசல்ல நின்னு, "அத்தை, ரெண்டு நாள் இங்க இருந்துக்கிடட்டுமா?"ன்னு கேட்டா. நான் பையை வாங்கி உள்ள வச்சேன். கல்யாணம் ஆகி இன்னும் வருசம் திரும்பலை. உனக்கு சொசைட்டியில உத்தியோகம், அவளுக்கு அதே ஊர்ல டீச்சர் வேலை, மாடியில காத்தோட்டமா வாடகை வீடு, இதைவிட என்ன வேணும்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சவ நான். ஏன் உங்க அப்பா வீட்டுக்குப் போகாம இங்க வந்தேன்னு கேட்டதுக்கு அவ சொன்னா, "மகராசபுரம் போனா எங்க அண்ணன்மார் ரெண்டு பேரும் கிளம்பி வந்துருவாங்க அத்தை. பொறவு பேச்சு தடிச்சிரும். அதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்." எம்புட்டுப் பொறுப்பான பிள்ளைன்னு பாத்துக்கோ. ஆனா அவளும் ஒரு எல்லை போட்டுட்டா. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சாயந்திரத்துக்குள்ள நீ வந்து கூப்பிடலைன்னா மகராசபுரம் போயிருவாளாம், திங்கக்கிழமையிலருந்து அங்கருந்தே பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ல வந்து போவாளாம். அழுது சொல்லலை. நோட்டைத் திருத்திக்கிட்டே சொன்னா. அதான் எனக்குப் பயமா இருக்கு.

அப்படி என்னதாம்மா பண்ணினான்னு கேட்டேன். குடிச்சானா, அடிச்சானான்னுதான் என் புத்தி போகுது. "அதெல்லாம் இல்ல அத்தை, சிக்கனம்"ன்னா. எனக்கு விளங்கலை. பொறவு ஒவ்வொண்ணா சொல்லச் சொல்லத் தலையில அடிச்சிக்கிட்டேன். குளிக்கிற தண்ணி சாக்கடைக்குப் போகக் கூடாதுன்னு பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒண்ணு வாங்கிப் போட்டு அதுக்குள்ள நின்னு குளிக்கணுமாம். பொறவு அந்தத் தண்ணியை வாளி வாளியா மொண்டு, மாடிப்படி இறங்கி, கீழ வீட்டுக்காரர் வாழைக்கு ஊத்தணுமாம். ரொம்ப நல்ல காரியம். தூக்குறது யாருன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சிக்கிட்டா. "அவருக்கு ஆபீசுக்கு நேரமாயிரும் அத்தை." அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரம் ஆகாதாக்கும்? வாழை வீட்டுக்காரருக்கு, இடுப்பு வலி அவளுக்கு, நல்ல பேரு மட்டும் உனக்கா? நல்லா இருக்குடா உன் நியாயம்.

அடுப்படியில ஜீரோ வாட் பல்பு மாட்டி வச்சிருக்கியாமே. அதுல கத்தரிக்காயில புழு இருக்கா, கத்தரிக்காயே இருக்கான்னு கூடத் தெரியாது. ராத்திரி அவ நோட்டுத் திருத்த உக்காந்தா, பகல் வெளிச்சத்துலயே முடிக்கக் கூடாதான்னு டியூப் லைட்டை அணைச்சியாம். பகல்ல அவ என்ன பல்லாங்குழியா ஆடிக்கிட்டிருந்தா? பகல் முழுக்க பிளாக்போர்டு முன்னால நின்னு தொண்டை வறண்டு வந்தவ. அதையும் பொறுத்துக்கிட்டா. ஒரு நாள் துணிப்பையை மறந்துட்டுப் போய், சர்க்கரையை பிளாஸ்டிக் கவர்ல வாங்கிட்டு வந்துட்டாளாம். நீ அந்தக் கவரை மடிச்சுக் கையில கொடுத்து, கடையில திருப்பிக் கொடுத்துட்டு வான்னு அனுப்பினியாம். அவளும் போயிருக்கா. கடையில அவகிட்ட படிக்கிற பிள்ளை ஒண்ணு நின்னுச்சாம், "டீச்சர், எதுக்குக் கவரைத் திருப்பிக் கொடுக்கீங்க?"ன்னு கேட்டுச்சாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏலே கிறுக்குப் பயலே, மறந்தது அவதான்னா மறுநாள் பையை எடுத்துக்கிட்டு நீ போறது. ஆபீஸ் விட்டு அந்தக் கடையைத் தாண்டித்தான வீட்டுக்கு வாரே? உன் கை என்ன பூ மாதிரியா?

இதுக்கெல்லாம் மேல வியாழக்கிழமை கதை. அவ அப்பா, பாவம் அந்த மனுசன், மகளைப் பாக்கணும்னு வயக்காட்டு வேலையை விட்டுட்டு, மடி நிறைய மொச்சைக்காய் கட்டிக்கிட்டு வந்திருக்காரு. அன்னைக்குன்னு பாத்து நீ புதுசா சோத்துப் பெட்டி செஞ்சு முடிச்சிருக்கே. அரைவேக்காடு சோத்தைப் பானையோட பஞ்சுக்குள்ள பொதிஞ்சு மூடி வச்சா, அடுப்பு இல்லாமலே மிச்சம் தானா வேகும், கேஸ் மிச்சம்னு விளக்கம் வேற சொன்னியாம். விளக்கம் சரிதான். பஞ்சு எங்கருந்துடா வாங்கினே? ஸ்பின்னிங் மில்லுல மெஷினுக்கு அடியில கூட்டி அள்ளுற பஞ்சு, எண்ணெயும் கிரீசும் குடிச்சுக் கிடக்கும், அதை எவனோ சும்மா தந்தான்னு சாக்குல அள்ளிட்டு வந்து அப்படியே அடைச்சிருக்கே. மில் தொழிலாளி மகன்டா நீ! எந்தப் பஞ்சு எதுக்கு ஆகும்னு இந்த ராஜபாளையத்துல ஓடி விளையாடுற பிள்ளை கூடச் சொல்லும். மூடியைத் திறந்ததும் சோத்துல மெஷின் ரூம் வாடை. கலா வேற சோறு வைக்க எந்திரிச்சிருக்கா. நீ விடலையாம். "சாப்பாட்டை வீணாக்கக் கூடாது, ஆறினா வாடை போயிரும்"னியாம். அவ அப்பா மோரை ஊத்திக் கரைச்சுக் குடிச்சுட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாராம். அவருக்குக் கோபம் வந்திருந்தா கூட எனக்குச் சமாதானமா இருக்கும். மக வீட்டுல சோறு சரியில்லைன்னு ஒரு வயக்காட்டுச் சம்சாரி வாயைத் திறக்காமப் போனா, அவர் வயித்தெரிச்சல் எம்புட்டு இருந்திருக்கும்! கலா அன்னைக்கே முடிவு பண்ணிட்டா.

நீ நினைக்கலாம், அம்மா மருமக பேச்சைக் கேட்டு ஆடுதா, அவளுக்குச் சிக்கனம் பிடிக்கலைன்னு. அட போடா. நேத்து வந்து முகம் கழுவினதும் அவ செஞ்ச முதல் வேலை என்ன தெரியுமா? நான் அரிசி களைஞ்ச தண்ணியை எடுத்துக்கிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில ஊத்தினா. யாரும் சொல்லலை. காலையில எந்திரிச்சு, கிழிஞ்ச என் பழைய உள்பாவாடையைக் கத்தரிச்சு அடுப்படித் துணியா மடிச்சு வச்சிருக்கா. வயக்காட்டு வீட்டுல வளந்த பிள்ளைக்கு மிச்சம் பிடிக்க நீ கத்துக் கொடுக்கணுமாக்கும்? தானா செய்யுற வரைக்கும் அது அவளுக்குப் பழக்கம். நீ பின்னாலயே நின்னு எண்ணிப் பாக்க ஆரம்பிச்சதும்தான் அது தண்டனையாப் போச்சு.

எனக்கு எல்லாத்தையும் விடப் பெரிய எரிச்சல் எதுல தெரியுமா? ஒவ்வொரு தடவையும் "எங்க அம்மா இப்படித்தான் செஞ்சா"ன்னு சொல்லுதியாம். போன மாசம் நூலகத்துல நடந்த கூட்டத்துலயும் எழுந்திருச்சு, வீட்டுச் சிக்கனம்தான் நாட்டைக் காப்பாத்தும், எங்க அம்மா வேலைக்குப் போறதுக்கு முன்னால ஒரு கொதியில சோத்தை இறக்கிப் பெட்டியில வச்சுட்டுப் போவா, மத்தியானம் வந்தா சுடச்சுட இருக்கும், விறகு பாதி மிச்சம்னு பேசினியாம். கைதட்டினாங்களாம். என் பேரைச் சொல்லிக் கைதட்டு வாங்கிட்டு வீட்டுக்கு வந்து, என் பேரைச் சொல்லியே அவ இடுப்பை ஒடிச்சிருக்கே. நான் எப்படியிருந்தேன், என்ன செஞ்சேன்னு உனக்கு என்னடா தெரியும்? நடந்ததுல பாதியைத்தான் நீ பாத்திருக்கே. மிச்சப் பாதியை நாங்க சொல்லாம விட்டது தப்புதான். அதை இப்ப எழுதுதேன், நல்லாப் படி.

மரத்தூள் அடுப்பு ஞாபகம் இருக்கா? கேஸுக்கு எழுதிப் போட்டுட்டு வருசக் கணக்கா காத்துக் கிடந்த காலம் அது. மண்ணெண்ணெய்க்கு ரேசன் கடையில வரிசை. நம்ம வீட்டுல மரத்தூள்தான் எரிஞ்சுச்சு. தகர டப்பா அடுப்பு, நடுவுல ஒரு கட்டையை நிறுத்தி, சுத்தி மரத்தூளைப் போட்டு இடிச்சு இடிச்சு இறுக்கி, பொறவு கட்டையை அலுங்காம உருவணும். உருவுற இடம் புகைபோக்கி மாதிரி ஓட்டையா நிக்கும். சரியா இடிக்கலைன்னா பொலபொலன்னு சரிஞ்சிரும், வீடு முழுக்கப் புகைதான். இடிச்சா தோள்பட்டை கழண்டு போகும். நான் தீக்குச்சியைக் கிழிச்சு வைக்கிறதைத்தான் நீ பாத்திருப்பே. முதல் நாளே இடிச்சு இறுக்கி வச்சது உங்கப்பா. வாராந்திர லீவு அன்னைக்கு சைக்கிள் கேரியர்ல சாக்கைக் கட்டிக்கிட்டு, மரம் அறுக்கிற மில்லுக்குப் போய் தூள் அள்ளிட்டு வந்ததும் அவியதான். தலையெல்லாம் தூளா, புருவம் வெளுத்து, கிழவனாட்டம் வந்து நிப்பாவ. நீ பாத்துட்டுச் சிரிப்பே.

குளிக்கிற தண்ணி கதையும் கேளு. நம்ம வீட்டுலயும் வாழைக்குக் குளிச்ச தண்ணிதான். தண்ணி பொங்கி வழிஞ்ச ஊரா இது? குழாயில தண்ணி வர்ற அன்னைக்குத் தெருவே குடத்தோட நிக்கும். எண்பதுகள்ல வந்த அந்தத் தண்ணிப் பஞ்சத்துல நானும் முதல்ல கலா மாதிரிதான், வாளியில பிடிச்சுத் தூக்கிக்கிட்டுப் போனேன். உங்கப்பா பாத்தாவ. மறுநாள் கடப்பாறையை எடுத்து, குளிக்கிற கல்லுக்கு அடியிலருந்து வாழைக்கிடங்கு வரைக்கும் வாய்க்கால் வெட்டினாவ. சரிவு சரியா வரலைன்னு மூடிட்டு மறுபடி வெட்டினாவ. அதுக்குப் பொறவு யாரும் ஒரு சொட்டுத் தண்ணியைத் தூக்கலை. நீ குளிச்சா தண்ணி தானா நடந்து வாழைக்குப் போச்சு. நீ அதுல காயிதக் கப்பல் விட்டியே, மறந்துட்டியா? அந்த மனுசனுக்குப் பிறந்துட்டு, மாடிப்படியில பொண்டாட்டியை வாளி தூக்க வைக்கிறியே, எனக்கு வெக்கமா இருக்குடா.

இப்ப அந்தப் பெட்டிக்கு வாரேன். நீ சின்னப் பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தப்ப எனக்குக் கட்டுத்துணிக் கம்பெனியில வேலை கிடைச்சுச்சு. ஆஸ்பத்திரிக் காயத்துக்குக் கட்டுற வலைத்துணியை வெட்டி, மடிச்சு, அடுக்குற வேலை. விடிஞ்சும் விடியாமப் போகணும், மத்தியானம் மூணு மணி போலத்தான் விடுவாங்க. உங்கப்பாவுக்கு மில்லுல ரெண்டாம் ஷிப்டு. நான் தெருவுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாலயே அவிய சைக்கிளை எடுத்திருப்பாவ. காலையில நான் வடிச்சு வச்சுட்டுப் போன சோறு நான் வரும்போது ஆறி விறைச்சுக் கிடக்கும். நாளெல்லாம் நின்ன காலோட வந்தவளுக்கு அதைப் பாத்தாலே தொண்டைக்குள்ள இறங்காது. ரெண்டு வாய் தின்னுட்டுப் பாயை விரிச்சிருவேன். இப்படியே போயி ஒரு நாள் கம்பெனியிலயே மயங்கி விழுந்துட்டேன். கூட வேலை பாத்த பிள்ளைக சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுல கொண்டு வந்து விட்டாங்க. உனக்கு அம்மாவுக்குக் காய்ச்சல்னு சொல்லி வச்சோம்.

அன்னைக்கு ராத்திரிதான் உங்கப்பாவுக்கு ஒரு யோசனை வந்துச்சு. அவியகூட வேலை பாத்த தெலுங்கு பேசுற சேக்காளி ஒருத்தர், டீ இருக்கிற தூக்குவாளியை நல்ல பஞ்சுக்குள்ள புதைச்சு வைப்பாராம், எப்ப எடுத்தாலும் நாக்கு வெந்துருமாம். அதை மனசுல வச்சுக்கிட்டு, பழைய பலகையை வாங்கிட்டு வந்து தானே அறுத்து ஆணி அடிச்சாவ. கம்பெனியில விலைக்குக் கிடைச்ச துண்டுத் துணியைத் துவைச்சு நான் மெத்தை மாதிரி உறை தைச்சுக் கொடுத்தேன். என் பங்கு அம்புட்டுத்தான். எண்ணெய் படாத பஞ்சா ஒவ்வொரு பிடியும் முகர்ந்து பாத்து அடைச்சது அவிய. குழம்பு நான் காலையில வச்சுட்டுப் போவேன். அவிய மில்லுக்குக் கிளம்புறதுக்கு முன்னால அரிசியைக் களைஞ்சு, அளந்து தண்ணி ஊத்தி, உலை வச்சு, அரைவேக்காட்டுல இறக்கி, மூடி போட்டுப் பெட்டிக்குள்ள வச்சு, மேல மெத்தையை அமுக்கி மூடிட்டு சைக்கிள் ஏறுவாவ. நான் வந்து திறப்பேன். ஆவி முகத்துல அடிக்கும். வீட்டுல ஒரு ஆள் இருக்காது. ஆனா யாரோ இப்பத்தான் எனக்காக இறக்கி வச்ச மாதிரி சோறு இருக்கும். நான் எத்தனையோ நாள் அந்த ஆவியில முகத்தை வச்சுக்கிட்டு அழுதிருக்கேன்.

நீ பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப, அதுலருந்து நான் சோத்தை எடுத்து உனக்குப் போடுவேன். அதைத்தான் நீ பாத்தே. அதை வச்சுத்தான் நூலகத்துல பேசினே. நல்லாக் கேட்டுக்கோ. அந்தப் பெட்டியில ஒரு நாள் கூட நான் சோறு வைக்கலை. வச்சது உங்கப்பா. நான் அந்தக் கம்பெனியை விட்டு நிக்கிற வரைக்கும் வச்சது உங்கப்பா. மரத்தூள் பாதி மிச்சமானது உண்மைதான். நீ காலேஜ் போனதுல அந்த மிச்சத்துக்கும் பங்கு இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அது பொறவு தெரிஞ்ச லாபம். மிச்சம் பிடிக்கவா அவிய பெட்டி செஞ்சாவ? நான் சூடா ரெண்டு வாய் தின்னணும்னு செஞ்சது.

உன்கிட்ட ஏன் சொல்லலைன்னா, அவியதான் வாயைக் கட்டிப் போட்டாவ. "மில்லுல தெரிஞ்சா பொண்டாட்டிக்குச் சோறு வைக்கிறவன்னு பட்டப் பேரு வச்சிருவானுங்க, பையன்கிட்டயும் சொல்லாத, அவன் தெருவுல போய்ச் சொல்லிருவான்"ன்னாவ. நானும் பெருமையா உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டேன். அந்தப் பொய்யை முழுங்கி வளந்துதான் நீ இப்படி நிக்கிறே. இப்பக் கூடப் பாரு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு என் தோளுக்குப் பின்னால நின்னு படிச்சுப் பாத்துட்டு, "ஏட்டி, அதை எழுதாத, சின்னப் புள்ளைக்குப் போய்..."ன்னு இழுக்காவ. ரிடையர் ஆகி வீட்டுல உக்காந்தாச்சு, இன்னும் எந்த மில்லுல எவன் கேலி பண்ணப் போறான்? சின்னப் புள்ளையாம்! நான் எழுதத்தான் செய்வேன்.

நீ மிச்சம் பிடிக்கிறதை விடுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லலை. பிடி. நல்லாப் பிடி. ஆனா உன் கையால பிடி. அந்தத் தொட்டியைத் தூக்கி எறி. வீட்டுக்காரர்கிட்டக் கேட்டு, குளியலறைத் தண்ணி போற ஓட்டையிலருந்து ஒரு பைப்பைச் சுவரோட இறக்கி வாழைக்குத் திருப்பி விடு. உங்கப்பா டேப்பும் ரம்பமும் கொண்டு வாராவ, அளந்து சொல்லுவாவ, குழாயைப் பிடிக்கிறது உன் வேலை. அடுப்படிக்குக் கண்ணு தெரியுற மாதிரி பல்பு போடு. அவ நோட்டுத் திருத்துற நேரத்துல அந்த டியூப் லைட்டு எரியட்டும். உனக்கு மனசு கேக்கலைன்னா நீ அந்த நேரம் அவ பக்கத்துலயே உக்காந்து அந்த ஒரே வெளிச்சத்துல பேப்பர் படி, ரெண்டு அறையில ரெண்டு லைட்டு எரியாதில்லா? துணிப்பையை உன் சைக்கிள்லயே மாட்டி வை. அந்தக் கிரீஸ் பஞ்சைக் கொண்டு போய் எவன் தந்தானோ அவன்கிட்டயே கொட்டு. மாமனாரை ஒரு வாரம் கழிச்சு நேர்ல போய், எங்க வீட்டுலதான் சாப்பிடணும்னு கூப்பிடு. மன்னிப்புக் கேக்கத் தெரியலைன்னா சும்மா அவர் காட்டுல போய் நில்லு, அந்த மனுசன் புரிஞ்சுக்கிடுவாரு.

இந்தத் தாளும் தீர்ந்து போச்சு, ஓரத்துல பொடி எழுத்துல எழுதுதேன். நீ கேட்ட பெட்டியை உங்கப்பா கையில கொடுத்து விடுதேன். இப்ப வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு நிக்காவ, பெட்டியைத் துண்டால கட்டித் தலைமேல வச்சுக்கிடலாமா, பஸ்ல மடியில வச்சுக்கிடலாமான்னு யோசனை. இந்த வாரம் நான் உறையைத் துவைச்சு, பஞ்சை வெயில்ல காயப் போட்டிருந்தேன், நேத்து ராத்திரிதான் கலாவும் நானும் அடைச்சோம், நீ கேக்குறதுக்கு முன்னாலயே. ஏன் அடைக்கோம்னு அவ கேக்கலை, நானும் சொல்லலை. பெட்டி காலியாத்தான் வருது. உங்கப்பா இன்னைக்கு ராத்திரி அங்க தங்குவாவ. எம்புட்டு அரிசிக்கு எம்புட்டுத் தண்ணி, எந்தப் பதத்துல இறக்கணும்னு அவியகிட்டக் கேட்டுக்கோ. முதல்ல வெக்கப்படுவாவ, விடாமக் கேளு.

நாளைக்கு நீயே உலை வை. அரைவேக்காட்டுல இறக்கிப் பெட்டியில வச்சு, மடியில தூக்கிக்கிட்டு மத்தியான பஸ் ஏறு. சீவில்லிபுத்தூர்லருந்து இங்க வந்து இறங்கி, செத்த நேரம் தெருவுல நடந்து வீடு வர்றதுக்குள்ள மிச்சம் பாதி வெந்துரும். பஸ்ல எவனாவது பெட்டிக்குள்ள என்னன்னு கேட்டா, பொண்டாட்டிக்குச் சோறுன்னு சத்தமாச் சொல்லு. நாளைக்கு இந்த வீட்டுல நான் சோறு வடிக்க மாட்டேன். குழம்பு காலையிலயே இறக்கி வச்சிருவேன், அம்புட்டுத்தான். கலா நோட்டைத் திருத்திக்கிட்டு உக்காந்திருப்பா. சாப்பிட வாம்மான்னு நான் கூப்பிட மாட்டேன். நீ வர்ற வரைக்கும் அவ பசியோடதான் இருப்பா.